பல் பிடுங்கப் போகிறீர்களா?



மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்கள் பெரும்பாலும் டயாலிசிஸ், இருதய ஆபரேஷன், பிரசவம் என்றுதான் இருக்கும். அண்மையில் வந்த ஒரு மனு ஒரே ஒரு பல்லுக்காக வந்தது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்த பல் அது.

அந்தச் சகோதரர் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிறார். இன்னும் முப்பது வயது ஆகவில்லை. கீழ்க் கடைவாய்ப் பல்லில் மூன்று வாரமாக வலி. லீவு போட்டால் அட்டெண்டன்ஸ் போனஸ் போய்விடும் என்பதால், ஷிஃப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியதும் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே வேலைக்குப் போயிருக்கிறார். மூன்றாவது வாரம் தாடைக்கு அடியில் வீக்கம். ஒரு ஞாயிறு இரவு வாயைத் திறக்க முடியவில்லை, எச்சில்கூட விழுங்க முடியவில்லை. 108-ஐ அழைத்துத்தான் கொண்டு போனோம். கழுத்தில் கீறிச் சீழை எடுத்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், பிழைத்துக்கொண்டார்.

“ஏம்மா, முதல் வாரமே பல் டாக்டரிடம் காட்டியிருக்கலாமே?” என்று அவருடைய தாயாரிடம் கேட்டோம். “வாணியம்பாடியில பல்லைக் காட்டப் போனவங்க எட்டுப் பேர் மவுத்தாயிட்டாங்கன்னு வாட்ஸ்அப்புல வந்துச்சு பாய். நான்தான் போக வேணாம்னு தடுத்துட்டேன்” என்றார்.

அந்தத் தாயைக் குறை சொல்ல முடியாது. வாட்ஸ்அப்பில் வருவதில் பாதி பொய்யாக இருக்கும், ஆனால் இந்தச் செய்தி உண்மை. பாதியில் நின்றுபோன உண்மை என்பதுதான் சிக்கல். அதனால் இந்த இதழில் அதை முழுவதுமாக எழுதிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

வாணியம்பாடியில் நடந்தது என்ன?

திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடி நமக்கு அந்நியமான ஊர் அல்ல. நம்மில் சிலருக்குச் சம்பந்தி வீடே அங்கேதான். 2022, 2023 ஆண்டுகளில் அந்தப் பகுதியில் மூளையைத் தாக்கும் ஒரு கடுமையான காய்ச்சல் வந்தது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை, சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், தமிழ்நாடு பொது சுகாதாரத் துறை ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள் இதை ஆராய்ந்தார்கள். ஆய்வறிக்கை 2025-இல் லான்செட் குழும மருத்துவ இதழ் ஒன்றில் வெளியானது. அவர்கள் கண்டறிந்த நோயாளிகள் 21 பேர். அவர்களில் 10 பேர் ஒரே பல் கிளினிக்குக்குப் போய் வந்தவர்கள். அந்தப் பத்துப் பேரில் 8 பேர் இறந்துவிட்டார்கள். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.

நோயின் பெயர் மெலியாய்டோசிஸ். இதன் கிருமி மண்ணிலும் தேங்கிய நீரிலும் இருப்பது. அது எப்படி வாய்க்குள் போனது? பல்லைச் சுற்றியுள்ள ஈறை விலக்குவதற்கு ஒரு இரும்புக் கருவி உண்டு. அந்தக் கருவியாலேயே சலைன் பாட்டிலைத் திறந்திருக்கிறார்கள். பிறகு பாட்டிலின் வாயைப் பஞ்சால் லேசாக அடைத்து வைத்து, அதே சலைனை அடுத்தடுத்து வந்தவர்களுக்கும் ஊற்றியிருக்கிறார்கள். தொற்று பரவிய வழியாக ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டுவது இதைத்தான்.

அங்கே உயிரைக் குடித்தது பல் வைத்தியம் அல்ல, திறந்து வைத்த ஒரு பாட்டில். வீட்டில் பால் பாக்கெட்டைக் கத்தரித்து வெளியே வைத்தால் மாலைக்குள் திரிந்துவிடும் என்று நமக்குத் தெரியும். சலைன் திரியாது, நிறம் மாறாது, வாடை வராது. அதனால் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

ஆகவே, கிளினிக்கில் எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவதுதான் இந்தச் செய்தியிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. போகாமலே இருந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை மேலே சொன்ன சகோதரரிடம் பார்த்தோம்.

மாத்திரை ஏன் போதாது?

சொத்தை ஆழமாகப் போய்விட்டால் பல்லின் நடுவே இருக்கும் நரம்பும் இரத்தக் குழாயும் செத்துவிடுகின்றன. நாம் விழுங்கும் ஆன்டிபயாடிக் இரத்தத்தின் வழியாகத்தான் போக வேண்டும். இரத்தமே ஓடாத பல்லுக்குள் அது எப்படிப் போகும்? பல்லைச் சுற்றியுள்ள வீக்கம் கொஞ்சம் வற்றும், வலி குறையும், நாமும் மறந்துவிடுவோம். உள்ளே கிருமி அப்படியே இருக்கும். இரண்டு மாதம் கழித்து மறுபடி கிளம்பும்போது பழைய மாத்திரை கேட்காது. வலி மாத்திரையை வாரக்கணக்கில் போட்டால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகமும் பாதிக்கப்படும்.

கீழ்க் கடைவாய்ப் பற்களின் வேர்கள் தாடை எலும்பின் உள்பக்கத்துக்கு மிக அருகில் இருக்கின்றன. அங்கிருந்து சீழ் கிளம்பினால் நாக்குக்கு அடியில் இறங்கி, கழுத்துக்குப் பரவி, மூச்சுக் குழாயை நெருக்கும். 1836-இல் லுட்விக் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதை எழுதி வைத்தார். இன்றும் மருத்துவர்கள் அவர் பெயரைச் சொல்லித்தான் இந்த நோயைக் குறிப்பிடுகிறார்கள். தாடைக்கு அடியில் கல் போன்ற வீக்கம், வாய் திறக்க முடியாமை, விழுங்க முடியாமை, குரல் மாறுவது, மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பல் கிளினிக்கையும் தேடாதீர்கள். நேராக 108, நேராகப் பெரிய ஆஸ்பத்திரி.

வீட்டு வைத்தியம் பற்றியும் ஒரு வார்த்தை. கிராம்பில் மரக்கச் செய்யும் ஒரு பொருள் இருக்கிறது, பல் மருத்துவர்களே அதைப் பயன்படுத்துகிறார்கள். ஓர் இரவு வலியைத் தள்ள அது உதவும், அதற்கு மேல் இல்லை. ஆனால் சொத்தைக் குழியில் புகையிலையை அடைப்பது, ஆஸ்பிரினைப் பொடித்து ஈறில் வைப்பது எல்லாம் தீங்கு. மாத்திரை வைத்த இடத்தில் ஈறு வெந்து வெள்ளையாக உரிந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறோம்.

“மேல் பல்லை எடுத்தால் கண் போய்விடும்” என்று மாமியார் சொல்கிறார் என்று பல சகோதரிகள் கேட்கிறார்கள். போகாது. பல்லுக்கு உணர்ச்சி தரும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. பல் விழும் வயதிலேயே கண்ணில் புரையும் விழுவதால் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறோம்.

எல்லாப் பல்லையும் எடுக்க வேண்டியதில்லை

பல்லை எடுப்பது கடைசி வழி. மேல்பாகம் உறுதியாக இருந்தால் வேர் சிகிச்சை செய்து காப்பாற்றலாம். அதற்குச் செலவு அதிகம், நாலைந்து தடவைகூடப் போக நேரிடும். எடுப்பது மலிவு என்பதால் எடுத்துவிடுங்கள் என்று நாமே டாக்டரை அவசரப்படுத்துவதுண்டு. எடுத்த இடம் காலியாகக் கிடந்தால் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப் பல் நீளும். “இதைக் காப்பாற்ற முடியுமா?” என்று ஒரு தடவையாவது கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. ஆறு வயது வாக்கில் கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால் அதையும் பால் பல் என்று நினைத்து, “விழுந்து முளைக்கத்தானே போகிறது” என்று சொத்தையை விட்டுவிடுகிறோம். அது நிரந்தரப் பல். போனால் போனதுதான். பால் பல்லையும் நேரத்துக்கு முன்பே பிடுங்கினால் பின்னால் வரும் பல்லுக்கு இடம் இல்லாமல் கோணலாக முளைக்கும்.

புகையிலை போடும் பெரியவர்களுக்கு: வலியே இல்லாமல் ஒரு பல் ஆடுகிறது, பக்கத்தில் இரண்டு வாரமாக ஆறாத புண்ணும் இருக்கிறது என்றால், பல்லை மட்டும் எடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். புண்ணைக் காட்டிச் சோதிக்கச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் குட்காவுக்கு 2013-இலேயே தடை வந்துவிட்டது. நம் தெருவில் இன்னும் கிடைக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதைதான்.

டாக்டரிடம் எதை மறைக்கக் கூடாது?

“பல்லுக்குத்தானே வந்தோம், சர்க்கரையைப் பற்றி ஏன் கேட்கிறார்?” என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் புண் ஆறாது, சீழ் வைக்கும். சர்க்கரை உள்ளவர்கள் காலை வேளையில், சாப்பிட்டு, வழக்கமான மாத்திரையும் போட்டுக்கொண்டு போவது நல்லது. வெறும் வயிற்றோடு போய்ப் பயத்தில் மயங்கி விழுபவர்கள் அதிகம்.

இருதயத்துக்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆனால் நீங்களாக நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அடைப்பு வரக்கூடும். இரத்தக் கசிவைப் பல் மருத்துவர் பஞ்சு வைத்தும் தையல் போட்டும் நிறுத்திவிடுவார். எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ எலும்பு ஊசி போட்டவர்களும் சொல்ல வேண்டும், அவர்களுக்குத் தாடை எலும்பு ஆறுவது கடினம். கர்ப்பிணிகளுக்கு நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை வசதியான காலம். சீழும் காய்ச்சலும் இருந்தால் எந்த மாதமானாலும் தள்ளக் கூடாது.

மாத்திரைப் பெயர் நினைவில்லையா? அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள்.

கிளினிக்கில் எதைப் பார்ப்பது?

பல் எடுப்பவர் பி.டி.எஸ். படித்து, தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். சட்டம் இதைத்தான் சொல்கிறது. சாலையோரத்தில் பல் கட்டுகிறவர், பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்றவர் ஆகியோரிடம் வாயைத் திறக்க வேண்டாம்.

கருவிகளைத் தண்ணீரில் கொதிக்க வைத்தால் போதாது. ஆட்டோகிளேவ் என்ற இயந்திரம் வேண்டும். நம் வீட்டு குக்கரின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தத்தில் நீராவியை 121 டிகிரிக்கு ஏற்றி, கால் மணி நேரத்துக்குக் குறையாமல் வைப்பார்கள். கருவிகளை ஒட்டிய கவரில் போட்டு உள்ளே வைத்தால், கவர் மேல் உள்ள குறி நிறம் மாறும். அந்தக் கவரை உங்கள் முன்னால் பிரிக்கிறார்களா என்று பாருங்கள். கையுறை உங்களுக்காகப் புதிதாகப் போட வேண்டும். மரப்பு மருந்து பெரிய குப்பியிலிருந்து பலருக்கு எடுக்கப்படலாம், ஆனால் சிரிஞ்சும் ஊசியும் ஒவ்வொருவருக்கும் புதிதாக இருக்க வேண்டும். சலைன் பாட்டில் பாதி காலியாக, பஞ்சு அடைத்து மேசையில் நிற்கிறதா? “புது பாட்டில் திறங்க டாக்டர்” என்று சொல்லுங்கள். காசு கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள். நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் எழுந்து வந்துவிடலாம், பல் இன்னும் உங்கள் வாயில்தான் இருக்கிறது.

மற்றபடி, பல் எடுப்பது பெயரில் இருக்கும் அளவுக்குப் பயங்கரம் இல்லை. எக்ஸ்ரேயில் வேரைப் பார்ப்பார்கள். ஈறில் லிக்னோகெயின் ஊசி போடுவார்கள், அந்தக் குத்துதான் வலி. சில நிமிடத்தில் உதடு தடித்தது போல மரத்துவிடும். பல் எலும்போடு ஒட்டி இருப்பதில்லை, இடையில் மெல்லிய நார்கள் பிடித்திருக்கின்றன. அந்த நார்களை விலக்கி, பல்லை முன்னும் பின்னும் அசைத்து, குழியைக் கொஞ்சம் அகலப்படுத்தி எடுக்கிறார்கள். அழுத்தம் தெரியும், நறநறவென்று சத்தம் கேட்கும், வலி தெரியக் கூடாது. தெரிந்தால் இடது கையைத் தூக்குங்கள், இன்னொரு ஊசி போடுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு

பல் இருந்த குழியில் இரத்தம் உறைந்து ஒரு கட்டியாக நிற்கும். எலும்புக்கு அதுதான் மூடி. அதைக் காப்பாற்றினால் பாதி வேலை முடிந்தது. வைத்த பஞ்சை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் வரை அழுத்திக் கடியுங்கள். அன்று முழுவதும் காறித் துப்பக் கூடாது, கொப்புளிக்கக் கூடாது, ஸ்ட்ராவில் உறிஞ்சக் கூடாது. எச்சிலில் கொஞ்சம் சிவப்புத் தெரிவது இயல்பு. பீடி, சிகரெட் மூன்று நாளைக்காவது வேண்டாம். மரப்பு இறங்க இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அதற்குள் சாப்பிட உட்கார்ந்து உதட்டையே கடித்துக்கொள்ளும் குழந்தைகள் உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள். ஆறிய கஞ்சி, தயிர்ச் சோறு, இட்லி போதும். வலீமா பிரியாணிக்கு அடுத்த வாரமும் அழைப்பு வரும்.

ஒளு பற்றிப் பலர் கேட்கிறார்கள். வேகமாக வாய் கொப்புளித்துத் துப்பினால் அந்தக் கட்டி பெயர்ந்துவிடும். முதல் நாள் தண்ணீரை மெதுவாக வாயில் வைத்துத் தலையைச் சாய்த்துத் தானாக வழிய விடுங்கள். அதுவும் முடியாத நிலையிலோ, குளிப்புக் கடமையான நேரத்திலோ என்ன செய்வது என்பதை நம் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மிஸ்வாக்கை மறுபக்கம் மட்டும் பயன்படுத்தலாம். மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில், சாப்பிட்ட பிறகு மெதுவாக அலசினால் போதும்.

நோன்பு வைத்துக்கொண்டு பல் எடுக்கலாமா? மரப்பு ஊசி உணவாகாது என்று ஆலிம்கள் சொல்கிறார்கள். ஆனால் இரத்தமும் தண்ணீரும் தொண்டையில் இறங்கிவிடும் அபாயம் இருக்கிறது. அவசரம் இல்லையென்றால் இஃப்தாருக்குப் பிறகு நேரம் வாங்குங்கள். முகம் வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் ஷவ்வால் பிறை வரை தள்ளாதீர்கள். நோயாளிக்கு நோன்பைப் பிறகு களா செய்ய மார்க்கம் இடம் தந்திருக்கிறது.

எடுத்த இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் வலி குறைவதற்குப் பதில் காதுவரை தெறிக்க ஆரம்பித்து, வாயில் கெட்ட வாடையும் வந்தால், கட்டி பெயர்ந்து குழி காய்ந்துவிட்டது என்று அர்த்தம். மெடிக்கலுக்குப் போக வேண்டாம். பல் எடுத்தவரிடமே போனால் குழியைச் சுத்தம் செய்து மருந்து வைப்பார், அன்றே வலி அடங்கும். அழுத்திப் பஞ்சு கடித்தும் இரத்தம் நிற்காவிட்டாலும், காய்ச்சலும் வீக்கமும் கூடினாலும் அப்படியே. தலைவலி தாங்க முடியாமல், காய்ச்சலோடு பேச்சுக் குழறினால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், “இத்தனை நாளைக்கு முன் பல் எடுத்தோம்” என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

எங்கே போவது?

படப்பையிலிருந்து பக்கம் என்றால் குன்றத்தூரில் மாதா பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கல்லூரிகளில் மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வார்கள். நேரம் ஆகும், தனியார் கிளினிக்கைவிடச் செலவு குறையும். சென்னையில் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 1953 முதல் நடக்கிறது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் வரும் தாம்பரம் பஸ்ஸில் ஏறி, தாம்பரத்தில் பீச் ரயில் பிடித்தால் கோட்டை ஸ்டேஷனில் இறங்கலாம், எதிரிலேயே இருக்கிறது. காலையில் சீக்கிரம் போய் ஓ.பி. சீட்டு வாங்க வேண்டும்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்கும் கம்பெனித் தொழிலாளர்களுக்குச் சம்பளத்திலிருந்து இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். காண்ட்ராக்ட் தொழிலாளிகளுக்கும் அது உண்டு. பலருக்குத் தங்கள் இ.எஸ்.ஐ. எண்ணே தெரிவதில்லை, நம் சகோதரருக்கும் தெரியவில்லை. உங்கள் சம்பள ரசீதில் அந்த எண் இருக்கும். இ.எஸ்.ஐ. மருத்துவர் சான்று கொடுத்தால், தகுதியான சந்தா நாட்கள் இருப்பவர்களுக்கு நோய்க்கால விடுப்புக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்க வழி இருக்கிறது. எண்ணைக் கண்டுபிடிக்க முடியாதவர்கள் சம்பள ரசீதையும் ஆதார் அட்டையையும் எடுத்துக்கொண்டு அஸர் தொழுகைக்குப் பிறகு நம் அலுவலகத்துக்கு வாருங்கள். கோட்டை ஸ்டேஷன் வரை துணைக்கு ஆள் வேண்டும் என்றாலும் முந்தின நாளே சொல்லுங்கள், இன்ஷா அல்லாஹ் நம் இளைஞர்களில் ஒருவரை அனுப்புகிறோம்.